ஐந்தாவது கைக்கு விட்ட இடம்

என் வயதுக்காரரே, உங்களுக்கும் இப்படி ஒரு தொலைபேசி வந்திருக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகளோ மருமகளோ எடுத்து, "அம்மா, பிள்ளையளுக்கு ஒரு ஞாபகப் பெட்டி செய்யிறம். உங்கடை காலத்துச் சாமான் ஏதேனும் அனுப்பி விடுங்கோ" என்று கேட்டிருப்பார்கள். என் மகள் போன மாதம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்டுமே இல்லையோ? ஒரு செம்பு, ஒரு படம்?" என்றாள். ஒன்றுமே இல்லை, போனை வை என்று கத்திவிட்டேன். நான் ஏன் கத்தினேன் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கியிராது. அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அந்தக் காலத்தைக் கண்டவர்கள், சொல்லுக்குச் சொல் விளக்கம் கேட்டு என் உயிரை எடுக்க மாட்டீர்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி செய்தோம். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த வருஷம் அது. சாவகச்சேரிச் சந்தைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. ஐயா மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். அண்ணை அவர் விட்ட இடத்தில் வேலைக்குப் போனவர். கலியாண வயதில் அக்கா. கடைசியாக நான். அண்ணைக்கும் எனக்கும் நடுவில் அக்காவைத் தவிர இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்து, தவழ முன்னரே போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

சிங்கப்பூர் விழுந்த பிறகு அண்ணையிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்து, கொழும்புக்காரர் எல்லாரும் பெட்டி படுக்கையோடு ஊருக்கு ஓடிவந்த நாட்கள். கூப்பன் அரிசி ஒரு புழுங்கல் நாற்றம் நாறும், உங்களுக்கு ஞாபகமிருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் இலுப்பெண்ணெய் விளக்கின் புகையில் எங்கள் மூக்குத் துவாரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூட மாமரங்களின் கீழ் பதுங்குகுழி வெட்டினார்கள். எங்களுக்கு அது விளையாட்டு. பெரியவர்களோ வானத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு நாளையும் கழித்தார்கள்.

ஒரு மத்தியானம் ஐயா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு, "உதிலை ஒரு குண்டு விழுந்தால் நாங்கள் இருந்த அடையாளமே இராது" என்றார். அவர் சும்மா சொன்னார். அம்மா அதைச் சும்மா கேட்கவில்லை. அன்றைக்கே ஐயாவின் மலாயாப் பெட்டியை இழுத்து, உள்ளேயிருந்த அவருடைய வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

மலாயாப் பெட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். கற்பூர மரம். திறந்தால் கண் எரியும் வாசம். மூடியில் ஒரு மிருகம் நெளிந்துகொண்டிருக்கும். ஐயா அதை டிராகன் என்பார், நான் ஓணான் என்பேன். முன்பக்கம் பித்தளைப் பூட்டு. ஊரில் அப்படிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் கொஞ்சம், அந்த வீடுகளில் அதற்குள் நகை இருந்தது. எங்கள் வீட்டில் கோட்டு இருந்தது.

"என்ன செய்யிறாய்?" என்று ஐயா கேட்டார்.

"எங்களுக்குப் பிறகு வாறதுகள் நாங்கள் இருந்தமெண்டு அறிய வேணும்" என்றார் அம்மா. "எல்லாத்திலையும் ஒவ்வொண்டு வைக்கப்போறன்."

வைக்கத் தொடங்கியவர் ஒரு மாதம் நிறுத்தவில்லை. தன் சீதன அம்மி இரண்டாய் உடைந்த பிறகு மிஞ்சிய குழவியை முதலில் அடியில் வைத்தார். பெட்டி அதோடு தூக்க முடியாத பாரமாகிவிட்டது. அண்ணை ஏடு தொடக்கிய அன்று விரலால் எழுதிய அரிசி ஒரு மருந்துப் போத்தலுக்குள் கறுத்துப்போய் இருந்தது, அதை வைத்தார். முற்றத்து மண்ணில் ஒரு பிடி, துணியில் முடிந்து வைத்தார். அண்ணையின் சட்டைகள், பள்ளிக்கூடத்து இடுப்புப் பட்டி, தை மாதத்தில் கொக்குப் பட்டத்தில் கட்டி ஏற்றினால் ஊரெல்லாம் முனகும் அந்த விண், எல்லாம் உள்ளே போயின. எனக்கு அந்த நேரம் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்த பல்லைக் கூரைக்கு மேல் எறிய ஓடிய என்னை மறித்து, "தா இஞ்சை" என்று வாங்கிக்கொண்டார். அக்காவின் கூந்தல் நுனியிலும் என் மயிரிலும் கொஞ்சம் கத்தரித்துச் சிவப்பு நூலால் கட்டினார்.

பிறகு ஒரு பகல், ஐயா வெளியே போயிருந்த நேரம், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து விரித்தார். மூன்று சின்னச் சட்டைகள். என் கையளவு இருக்கும். காய்ந்து சுருண்ட தொப்புள்கொடிகள், தனித்தனி முடிச்சாக. எந்த முடிச்சு எந்தப் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரியும். தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். "இது உன்ரை. இது அக்கான்ரை. இது அவன்ரை. இது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். ஒருநாளும் அழாத மனிசி. அன்றைக்கும் அழவில்லை, மூக்கைச் சிந்திவிட்டு எல்லாவற்றையும் அடுக்கினார். பின்னால் வருபவர்களுக்கென்று செய்த பெட்டிதான். ஆனால் முன்னால் போனவர்களை வைப்பதற்கு அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கடைசியாகக் கை வைத்தோம். தாம்பாளத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் இரத்தம் போலச் சிவக்குமே, ஆலாத்தி எடுக்கிற நீர், அதில் உள்ளங்கையைத் தோய்த்து ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் பதித்தோம். ஐயா முதலில் மறுத்தார். "இது என்ன கூத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, பிறகு எங்கள் எல்லோரையும்விட அழுத்திப் பதித்தார். ஐயாவின் கை, அம்மாவின் கை, அக்காவின் கை, என் கை. அம்மா அக்காவின் கைக்கு மேலே ஒரு கையளவு இடம் விட்டிருந்தார்.

"அவன் வந்து வைப்பான்" என்றார்.

துணி காய்ந்ததும் மடித்து மேலே வைத்து, பெட்டியைப் பூட்டி, திறப்பை ஐயாவிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத பெட்டி. அறை மூலையில் அப்படியே கிடந்திருக்கலாம்.

அந்த வருஷமே அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கலியாணத் தரகர் கொண்டுவந்தார். வாய் நிறைய வெற்றிலை, வார்த்தைக்கு வார்த்தை பொய், ஆனால் நல்ல மனுசன். மாப்பிள்ளை அச்சுவேலிப் பக்கம். கொழும்பில் அரசாங்க உத்தியோகம். தகப்பன் இல்லை, தாய் மட்டும். அரசாங்க உத்தியோகம் என்றால் அப்போது எங்கள் ஆட்கள் எப்படி வாயைப் பிளப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்களிடமிருந்த தோட்டக்காணி அந்த உத்தியோகத்துக்குச் சீதனமாகப் போதாது. அது எல்லோருக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்தார். நல்ல உயரம். காதில் பெரிய தோடு. கதிரையில் இருந்து ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாட்டில் அறைக்குள் போனார். பெட்டியைக் கண்டார். மூடியைத் தடவினார். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது அசையவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உதுக்குள்ளை என்ன?" என்று கேட்டார்.

அம்மா வாய் திறந்தார். அதற்குள் ஐயா சிரித்துக்கொண்டு, "அது பிள்ளையளுக்கெண்டு வைச்சிருக்கிறது" என்றார்.

பாருங்கள், அவர் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தச் சிரிப்புத்தான் பொய்.

தரகர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். மலாயாக்காரர், கற்பூரப் பெட்டி, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க ஏலாது என்று அச்சுவேலி வரை பரப்பிவிட்டார். அடுத்த முறை வந்தபோது காணியைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழும்புகிற நேரத்தில் தாய்க்காரி, "பிள்ளையோடை அந்தப் பெட்டியும் வரட்டும்" என்றார், ஏதோ ஒரு தலையணையைக் கேட்பது போல.

"வராமல்?" என்றார் ஐயா.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் குசினிக்குள் சண்டை தொடங்கியது. ஐயாவும் அம்மாவும் சண்டை பிடித்து நான் கண்டது அது ஒன்றுதான்.

"அவையள் நகையெண்டு நினைக்கினம். உங்களுக்குத் தெரியும்."

"நான் நகையெண்டு சொன்னனானோ?"

"சொல்லாமல் விட்டியள். இப்ப போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னால் பெட்டை வீட்டோடை கிடப்பாள். உமக்கு அதுதான் வேணுமோ?"

அம்மா பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைத்து அனுப்பலாம் என்றார். ஐயா அதற்குப் பதில் வைத்திருந்தார். கல்லையும் ஓட்டுத் துண்டையும் வைத்தால் ஏமாற்று. இது குடும்பத்துச் சாமான், பரம்பரைக்கு என்று செய்தது, பிறகு சொன்னாலும் மரியாதையாக இருக்கும். திறப்பும் எங்களிடம்தானே இருக்கிறது. கலியாணம் முடிந்து ஒரு கிழமையில் தானே போய்ச் சொல்லி விடுகிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரப்பிள்ளையளுக்கெண்டுதானே செய்தனீர்? பேரப்பிள்ளை அவள் வயித்திலைதானே முதல் வரப்போகுது. அது போற இடத்துக்குத்தானே போகுது" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சில்தான் அம்மா விழுந்தார். எங்கள் பக்கத்தில் தாயின் சொத்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போகிற வழக்கம். அந்த வழக்கம் பெட்டிக்கும் பொருந்தும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. தன் செத்த பிள்ளைகளும் காணாமல் போன பிள்ளையும் உயிரோடிருக்கிற பிள்ளையோடு போய் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் தெரியாது.

அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கலியாணத்தன்று பெட்டியை வண்டியில் ஏற்றிய இரண்டு பேரும் அதன் பாரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக் கண் சிமிட்டினார்கள். அக்கா கூறைச் சேலையில் விறைத்துப்போய் இருந்தாள். அம்மா வண்டிக்குக் கிட்டப் போய், மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பெட்டியையும் தொட்டார்.

ஒரு கிழமை கழித்து ஐயா அச்சுவேலிக்குப் போனார். வடை பாயசத்தோடு விருந்து வைத்து, பாக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாய் சிவக்க வந்தவரிடம் அம்மா, "சொன்னியளோ?" என்று கேட்டார்.

"சந்தர்ப்பம் வரேல்லை" என்றார் ஐயா.

அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தர்ப்பம் வரவில்லை. திறப்பைக் கேட்டு அச்சுவேலியிலிருந்து ஆள் வரும்போதெல்லாம், அடுத்த முறை வரும்போது கொண்டுவாறன் என்று சொல்லி அனுப்புவார். அக்கா பிள்ளைத்தாய்ச்சி என்ற சேதி வந்தது. அம்மா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார். இனி என்ன, பேரப்பிள்ளை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஐயா தைரியமாக நடமாடினார்.

பிறகு ஒருநாள் தரகர் வந்து படலையோடு நின்றார். உள்ளே வரவில்லை. நீட்டிய வெற்றிலையையும் எடுக்கவில்லை.

"உங்கடை பெட்டியை உடைச்சுத் திறந்திட்டினம்" என்றார்.

அக்காவுக்கு நாலைந்து நாளாக இரத்தம் பட்டுக்கொண்டிருந்ததாம். பரியாரி மருந்துக்கு நிற்கவில்லையாம். செலவுக்கு என்று சொல்லித் தாய்க்காரி கொல்லனைக் கூட்டிவந்து பூட்டை உடைத்திருக்கிறார். மேலே கிடந்த துணியை விரித்தால் சிவப்புக் கைகள். அதன் கீழ் நூல் சுற்றிய தலைமயிர். பல். மண். கறுத்த அரிசி. காய்ந்த தொப்புள்கொடிகள். செத்த குழந்தைகளின் சட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கல்.

என் வயதுக்காரரே, நீங்கள் சொல்லுங்கள். எங்கள் ஊரில் யார் அதைப் பார்த்து ஞாபகப் பெட்டி என்று நினைப்பார்கள்? நானும் பிற வீட்டில் அப்படிக் கண்டிருந்தால் ஓடியிருப்பேன். சூனியம் வைக்கிறவன் என்னென்ன வைப்பானோ அத்தனையும் அம்மா கையால் அடுக்கி வைத்திருந்தார்.

மந்திரவாதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் அந்த வேட்டித் துண்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது வரப்போற பிள்ளைக்கு விட்ட இடம்" என்றானாம்.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்து, "வாங்கோ, இப்பவே போவம். நான் சொல்லுறன் எல்லாத்தையும்" என்றார். ஐயா அசையவில்லை. "உந்த முகத்தை வைச்சுக்கொண்டு எப்பிடிப் போறது? கொஞ்சம் ஆறட்டும்" என்றார். அவர் மானத்துக்குப் பயந்தார். அம்மா தனியே போகக்கூடிய காலமும் இல்லை அது. ஆறட்டும் ஆறட்டும் என்று நாட்கள் போயின. நான் முற்றத்தில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என்ன நடக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அச்சுவேலிக்காரர் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். மாட்டுவண்டி படலையில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை. வயிறு வற்றியிருந்தது. சேலை முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது. அம்மா அலறிக்கொண்டு ஓடினார்.

"செத்துப்போச்சு" என்றாள் அக்கா. "ஆம்பிளைப் பிள்ளை."

அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து அம்மா பெட்டியைப் பற்றிக் கேட்டார். "எரிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை கொழும்பிலிருந்து வரவேயில்லை. அக்கா எங்களோடு இருந்தாள். இருந்தாள் என்றால், ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாள். தனக்குத் தானே உலை வைத்துக்கொள்வாள், அம்மா போட்ட சோற்றைத் தொடமாட்டாள். அம்மா சீப்போடு கிட்டப் போனால் எழுந்து போய்விடுவாள். ஐயாவோடு கோபம் என்று நான் நினைத்தேன். ஐயாவும் அப்படித்தான் நினைத்தார், அவள் இருக்கும் பக்கம் தலை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். அம்மாவோ தினமும் காலையில் கிணற்றடியில் நின்று, வடமேற்கே அச்சுவேலித் திசையைப் பார்த்து மண் அள்ளித் தூற்றுவார். "என்ரை பிள்ளையளை நெருப்பிலை போட்ட கை அழுகிப் போகும்" என்று திட்டுவார். குசினிக்குள் அக்காவின் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நிற்கும், பிறகு கேட்கும்.

உலகச் சண்டை முடிந்தது. மலாயாவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. அண்ணையோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஜப்பான்காரன் தண்டவாளம் போடுவதற்குச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனதையும், அங்கே வயிற்றோட்டத்தில் அண்ணை போனதையும், புதைத்த இடத்தில் அடையாளம் ஒன்றுமில்லை என்பதையும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். ஒரு பொத்தான்கூடக் கொண்டுவர முடியவில்லை என்று சொல்லி அழுதார்.

உடல் இல்லாதவருக்கும் காரியம் செய்யவேண்டுமே. குருக்கள் வந்தார். தர்ப்பையில் ஓர் ஆள் உருவம் கட்டி வாழையிலையில் கிடத்தினார். பிறகு, "பிள்ளை உடுத்தது, பாவிச்சது ஏதும் இருந்தால் எடுத்து வாங்கோ. இதுக்கு மேலை போர்க்கவேணும்" என்றார்.

அம்மா வீட்டுக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பரணில் ஏறுகிற சத்தம் கேட்டது. மூட்டைகளை அவிழ்த்து உதறுகிற சத்தம் கேட்டது. குருக்கள் பொறுமையாக இருந்தார். அம்மா வெளியே வந்தபோது இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. எல்லாவற்றையும் அவரே எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தார், இந்த வீட்டில் அண்ணை உடுத்த ஒரு முழத் துணி மிஞ்சவில்லை.

"அந்தப் பாவியள் எல்லாத்தையும் எரிச்சுப் போட்டாங்கள் ஐயா" என்றார் குருக்களிடம்.

"அவையள் எரிக்கேல்லை" என்றாள் அக்கா.

அவள் சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பினோம்.

"அவையள் தொடவே பயந்தவை. நான்தான் எரிச்சனான். மந்திரவாதி சொல்ல முன்னமே எனக்குத் தெரியும், செத்ததுகளை என்னோடை கட்டி அனுப்பியிருக்கிறியள் எண்டு. ஒவ்வொண்டா எடுத்துப் போட்டனான். சட்டையளை, அண்ணையின்ரையை, என்ரை தொப்புள்கொடியை, எல்லாத்தையும். என்ரை பிள்ளை தப்பட்டும் எண்டு."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். திட்டப்போகிறார், அல்லது கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. அம்மா அக்காவை ஏறிட்டுப் பார்த்து, ஒரு சந்தேகத்தைக் கேட்பவர் போல மெல்லக் கேட்டார்.

"எரிச்சும் தப்பேல்லையே, மோனை?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். குருக்கள் வெறும் தர்ப்பையை வைத்தே காரியத்தைச் செய்து முடித்தார்.